புதிய பதிப்பை ஏன் வேண்டாம் என்கிறார்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் அச்சகங்கள், மருந்துக் கடைகள், பாடசாலை அலுவலகங்கள் ஆகியவற்றின் கணினிகளைப் பராமரித்துக் கொடுப்பதும், புதிய மென்பொருள் வரும்போது அங்கே வேலை செய்பவர்களுக்கு அதைப் பழக்கிக் கொடுப்பதும் என் தொழில். இந்தத் தொழிலில் பழுதுகளைவிட அதிகமாக நான் சந்திப்பது "இது இப்படியே இருக்கட்டும், கை வைக்காதேங்கோ" என்ற வேண்டுகோளைத்தான். தொடக்கத்தில் அதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அலுவலகத் தலைவர்களும் கடை முதலாளிகளும் சில வேளைகளில் பயனர்களே நேராகவும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

மென்பொருளின் பயன்பாட்டு எளிமை என்று எதைச் சொல்கிறார்கள்?

பார்த்தவுடன் விளங்குவதுதான் எளிமை என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தத் துறையில் பெயர்பெற்ற டென்மார்க்கு நாட்டவரான யாக்கோப் நீல்சன் 1990களின் தொடக்கத்திலேயே அதை ஐந்து கூறுகளாகப் பிரித்தார். புதியவர் எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்கிறார், பழகியவர் எவ்வளவு விரைவாக வேலையை முடிக்கிறார், சில காலம் விட்டுவிட்டுத் திரும்பி வருபவருக்கு எவ்வளவு நினைவில் நிற்கிறது, எத்தனை தவறுகள் நேர்கின்றன என்பதோடு அவற்றிலிருந்து மீள முடிகிறதா, கடைசியாக, பயன்படுத்துபவருக்கு மனநிறைவு இருக்கிறதா என்பன அவை.

இந்த ஐந்தும் எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் கூறுக்கும் இரண்டாவது கூறுக்கும் இடையில் பல மென்பொருள்களில் பகையே இருக்கிறது. புதிய பதிப்பைச் செய்பவர்கள் பெரும்பாலும் முதலாவதை அளந்து பார்த்துவிட்டு "எளிமையாக்கிவிட்டோம்" என்கிறார்கள். அதை எதிர்க்கிறவரோ இரண்டாவதை இழந்தவர்.

புதிய பதிப்பு உண்மையிலேயே நல்லதாக இருந்தாலும் ஏன் மறுக்கிறார்கள்?

ஒரு மருந்துக் கடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். அங்கே பற்றுச்சீட்டு அடிக்கும் பெண் திரையைப் பார்ப்பதே இல்லை. அவருடைய கண் வைத்தியர் கிறுக்கிய துண்டில் இருக்கும். மருந்தின் முதல் மூன்று எழுத்து, என்டர், எண்ணிக்கை, என்டர், அடுத்த மருந்து என்று விரல்கள் தாமாகவே ஓடும். திரை கறுப்பு, எழுத்து வெள்ளை, படம் ஒன்றுகூட இல்லை. மாலை ஆறு மணிக்குக் கடை முன்னால் நிற்கும் கூட்டத்தை அவர் அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருந்தார். பின்னர் வந்த மென்பொருளில் ஒவ்வொரு மருந்துக்கும் படம் இருந்தது, காலாவதித் திகதி நிறத்திற் காட்டப்பட்டது, கையிருப்புக் குறைந்தால் எச்சரிக்கையும் வந்தது. எல்லாமே பயனுள்ளவை. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் ஒருமுறை மவுஸைப் பிடித்துத் தேடல் கட்டத்திற் சொடுக்க வேண்டியிருந்தது. துண்டிலிருந்து கண்ணையும், விசைப்பலகையிலிருந்து கையையும் எடுக்க வேண்டிய அந்த ஒரு சொடுக்குத்தான் அவருக்குப் பிரச்சினை. கடைக்கு மென்பொருள் விற்றவர்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. இரண்டாம் கிழமை அவர் கொப்பியில் எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். இரவில் கடை பூட்டிய பிறகு இருந்து கொப்பியிலுள்ளதைக் கணினியில் ஏற்றுவார்.

அவர் இழந்தது கையிலிருந்த தேர்ச்சியை. பத்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் ஒரே காலையில் புதிதாக வேலைக்கு வந்தவராகிவிடுகிறார், அதுவும் வாடிக்கையாளர் முன்னிலையில். புதிய வசதிகளை எதிர்காலத்தில் எப்போதாவது அனுபவிக்கலாம், ஆனால் இழப்பு இன்றைக்கே நடக்கிறது.

மனிதர்கள் இழப்பைப் பேற்றைவிடக் கனமாக உணர்கிறார்கள் என்பதைக் கானமன், ட்வேர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் எழுதினார்கள். இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளும் சாய்வுக்கு 1988இல் சாமுவேல்சனும் செக்கவுசரும் பெயர் சூட்டினார்கள். ஹார்வர்டு வணிகக் கல்லூரியைச் சேர்ந்த ஜோன் கூர்வில் 2006இல் இதைப் புதிய உற்பத்திப் பொருள்களுக்குப் பொருத்திப் பார்த்தார். பயன்படுத்துபவர் தன்னிடம் உள்ளதைச் சுமார் மும்மடங்கு உயர்வாக மதிக்கிறார், செய்தவர் தன் புதிய பொருளைச் சுமார் மும்மடங்கு உயர்வாக மதிக்கிறார், ஆகவே இருவருக்கும் இடையிலுள்ள கணக்கு வேறுபாடு ஒன்பது மடங்கு என்பது அவருடைய வாதம். ஒன்பது என்ற எண்ணை அளந்தெடுத்த அளவாகக் கொள்ள வேண்டாம். இரு பக்கமும் தவறாக மதிப்பிடுகிறது என்ற பகுதிதான் முக்கியமானது. எதிர்ப்பவரின் மனநிலையை ஆராய்ந்த அளவுக்கு விற்பவரின் மனநிலையை எவரும் ஆராய்வதில்லை.

வயதானவர்கள்தானே மறுக்கிறார்கள்?

இல்லை. 2018இல் ஸ்னாப்சாட் செயலி தன் தோற்றத்தை மாற்றியபோது, பழைய தோற்றம் திரும்ப வேண்டும் என்ற மனுவில் 12 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டார்கள். அந்தச் செயலியைப் பயன்படுத்துபவர்களிற் பெரும்பாலோர் இளையோர். வயது செய்வது ஒன்றுதான்: ஒரே முறையில் அதிக காலம் பழகியிருக்க வாய்ப்பளிக்கிறது. ஆகவே முதியவர் இழக்கும் தேர்ச்சி கூடுதலாக இருக்கும்.

அச்சகங்கள் பாமினி எழுத்துருவை ஏன் இன்னும் விடவில்லை? யுனிகோட் வந்து எத்தனை காலம்?

இது யாழ்ப்பாணத்தில் எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி, பெரும்பாலும் எரிச்சலோடு வருவது. விடையும் நீளமானது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. ஆனால் அதைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் இயங்குதளம் விண்டோஸ் 2000உடன்தான் வந்தது. அச்சுப்பக்கம் கோக்கும் மென்பொருள்கள் அதன் பின்னும் பல ஆண்டுகள் பின்தங்கியே நின்றன. எங்கள் அச்சகங்களின் உழைப்பு மாடாக இருந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளியான 7ஆம் பதிப்பு. அதற்கு யுனிகோட் தமிழ் தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனும் தமிழைச் சிக்கலின்றிக் கோக்கும் வசதியை 2012இன் சிஎஸ்6 பதிப்பில்தான் பெற்றது. ஆகவே அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பாமினி அச்சகத்தாரின் விருப்பம் அன்று, வேறு வழியில்லாத நிலை. அந்தக் காலத்தில் தேங்கிய கோப்புகளும் பழகிய விரல்களுமே இன்றைக்குத் தடையாக நிற்கின்றன.

விரல்களை முதலிற் பார்ப்போம். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். தட்டெழுத்து வகுப்புக்குப் போன எவரைக் கேட்டாலும் முதற் பாடமாக "யளனக" என்று இடக்கை விரல்களை வைத்துக் காட்டுவார். பாமினியின் நடுவரிசையும் அதே யளனகதான். தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு வந்தவர்கள் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியிருக்கவில்லை, பொறி மாறியது, கை மாறவில்லை. அதைவிட நுட்பமான இன்னொன்றும் உண்டு. "கொ" என்ற எழுத்தைக் கடதாசியில் எழுதும்போது முதலிற் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு என்று இடமிருந்து வலமாக எழுதுகிறோம். பாமினியில் அடிப்பதும் அதே வரிசையில்தான். யுனிகோட் அந்த எழுத்தை உள்ளே சேமிக்கும்போது ககரத்தை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் வைக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் அப்படியே ககரத்தை முதலில் அடிக்கச் சொல்கிறது. ஒலியியல் நோக்கில் அதுதான் சரி. ஆனால் இருபது ஆண்டுகளாகக் கொம்பை முதலில் அடித்த விரலிடம் ஒலியியல் பேசிப் பயனில்லை.

அடுத்தது கோப்புகள். யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் அவர் நினைவாக ஒரு சிறு நூல் அச்சிட்டுக் கொடுப்பார்கள், அதற்குக் கல்வெட்டு என்று பெயர். தேவார திருவாசகமும், வாழ்க்கை வரலாறும், வம்சாவளியும், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலலும் அதில் இருக்கும். ஓர் அச்சகம் பதினைந்து ஆண்டுகளாகச் செய்த கல்வெட்டுகள் எல்லாம் பேஜ்மேக்கர்க் கோப்புகளாக, பாமினியில் இருக்கின்றன. ஒரு குடும்பம் ஆண்டுத் திவசத்துக்கு அதே நூலைச் சிறிது மாற்றி அடிக்கக் கேட்டு வரும், தாய்க்குச் செய்ததுபோலவே தந்தைக்கும் செய்யச் சொல்லி வரும். பழைய மென்பொருள் போனால் அந்தப் பெட்டகம் பூட்டிக்கொள்ளும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பாமினியில் உள்ள தமிழ் உண்மையில் தமிழன்று, ஆங்கில எழுத்துகள் தமிழ் வேடம் போட்டு நிற்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" என்ற சொல்லைத் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். தேடற்பொறிக்கு அது அகப்படாது. கனடாவிலிருக்கும் மகன் தொலைபேசியில் திறந்தாலும் படிக்க முடியாது. "நூலகம்" என்ற பெயருள்ள எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்து வருகிறது. அச்சகத்திலிருந்து வரும் கோப்பு யுனிகோட்டில் இருந்தால் அதன் உள்ளடக்கத்தில் ஒரு பெயரைத் தேடி எடுக்கலாம், பாமினியில் இருந்தால் அது வெறும் படம்போலத்தான்.

தீர்வு ஒன்று இருந்தது, அது பலருக்கும் தெரியாமலே போனதுதான் வருத்தம். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகளில் பாமினி விசையமைப்பிலேயே யுனிகோட் அடிக்கலாம். விரல் பழையபடி ஓடும், உள்ளே விழுவது யுனிகோட். ஓர் அச்சகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டெழுத்துச் செய்யும் ஒரு அக்காவிடம் அதை நிறுவிக் கொடுத்துவிட்டு, "அக்கா, நீங்கள் வழமையா அடிக்கிற மாதிரியே அடியுங்கோ" என்றேன். அரைப் பக்கம் அடித்துவிட்டு நிமிர்ந்து, "அப்ப என்ன தம்பி மாறினது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்தால் மாற்றம் சரியாக நடந்திருக்கிறது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அப்படிக் கையைக் கெடுக்காமல் மாற்றிய பெரிய மென்பொருள் ஏதாவது உண்டா?

மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2007ஐச் சொல்லலாம், ஒரு பாதிக்கு மட்டும். அதில் பழைய கட்டளைப் பட்டியல்களை (மெனு) அகற்றிவிட்டு மேலே அகலமான ஒரு நாடாவை வைத்தார்கள். பயனர்கள் புதிதாகக் கேட்ட வசதிகளிற் பல ஏற்கெனவே உள்ளே இருந்தன, கண்டுபிடிக்க முடியாமல் இருந்தன என்பதே செய்தவர்கள் சொன்ன நியாயம். அது பொய்யன்று. ஆயினும் பழைய பட்டியலுக்குத் திரும்பும் வழியை வைக்காததால் உலகம் முழுதும் திட்டு வாங்கினார்கள். பழைய பட்டியலைத் திரும்பக் கொண்டுவரும் துணை மென்பொருளை வேறு சிலர் செய்து விற்றார்கள்.

ஆனால் விசைப்பலகையை அவர்கள் தொடவில்லை. எக்செல்லில் சிறப்பு ஒட்டலுக்கு ஆல்ட், ஈ, எஸ் என்று வரிசையாக அழுத்திப் பழகியவருக்கு, அந்த "ஈ" குறித்த பட்டியலே திரையில் இல்லாதபோதும், இன்றைக்கும் அது வேலை செய்கிறது. கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பலர் நாடாவைத் திட்டிக்கொண்டே தங்கியதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எதிர்ப்புக்குப் பணிந்து பின்வாங்கிய நிறுவனங்கள் உண்டா?

உண்டு. 2012 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 8இல் இடது கீழ் மூலையிலிருந்த தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். தொடுதிரைக்கு ஏற்ற, ஓடுகள் போன்ற பெரிய கட்டங்கள் வந்தன. மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் கணினியை நிறுத்தவே வழி தெரியாமல் நின்றார்கள். அந்தக் காலத்தில் "கணினியை எப்படி நிற்பாட்டுவது" என்று கேட்டு மட்டும் எனக்கு வந்த அழைப்புகள் கொஞ்சமல்ல. ஓராண்டில் வந்த 8.1 பொத்தானைத் திருப்பிக் கொடுத்தது, 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 பழைய பட்டியலையும் ஓரளவு திருப்பிக் கொடுத்தது.

பழையதையே வைத்திருந்தால் என்ன கெட்டுவிடும்? என் கணினி நன்றாகத்தானே ஓடுகிறது?

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

2017 மே 12இல் வன்னாகிரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்தன. அது நுழையப் பயன்படுத்திய விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மாட்டிய கணினிகளிற் பெரும்பாலானவை மிகப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி அல்ல, அப்போது ஆதரவு இருந்த விண்டோஸ் 7 என்பதையும் கவனியுங்கள். பழைய பதிப்பு வைத்திருந்ததைவிட, இருந்த பதிப்புக்குரிய திருத்தத்தைப் போடாததே அங்கே வினையானது.

மற்றது 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது. கொரோனாத் தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் ஒரு கிழமைக்கு மேல் எண்ணிக்கையிற் சேராமல் போனது. காரணம், அந்தத் தரவை எக்செல்லின் பழைய கோப்பு வடிவத்தில் ஏற்றியதுதான். பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான், அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. 2007 முதல் இருந்த புதிய வடிவத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகளுக்கு இடமுண்டு. அந்தத் தொற்றாளருடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அத்தனை நாள் பிந்தியது. "நன்றாகத்தான் ஓடுகிறது" என்ற சொல்லில் உள்ள ஆபத்து இதுதான்: எல்லையைத் தொடும் நாள்வரை அது உண்மையாகவே நன்றாகத்தான் ஓடும்.

இற்றைப்படுத்தலும் மேம்படுத்தலும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இற்றைப்படுத்தல் என்பது இருக்கும் வீட்டின் கூரை ஓட்டையை அடைப்பது, மேம்படுத்தல் என்பது வீட்டின் அமைப்பையே மாற்றுவது. முதலாவதை மறுக்க நல்ல காரணம் எதுவும் பெரும்பாலும் இருக்காது. இரண்டாவதை மறுக்க நல்ல காரணங்கள் பல இருக்கலாம்.

கேடு எங்கே வந்ததென்றால், நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பொதியாகக் கட்டி, ஒரே அறிவிப்பில், ஒரே பொத்தானில் வைத்தார்கள். ஓட்டையை அடைக்கச் சம்மதித்தவர் காலையில் எழுந்து பார்த்தால் குசினி இருந்த இடத்தில் கூடம் இருந்தது. இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை கூரைத் திருத்தத்துக்கும் கதவு திறக்க மாட்டார். 2016இல் விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லி வந்த பெட்டியின் மூலையிலிருந்த பெருக்கற் குறியை அழுத்தி மூடினால், குறித்த நேரத்தில் மேம்படுத்தச் சம்மதம் என்றே அது எடுத்துக்கொண்டது. பெருக்கற் குறி என்றால் வேண்டாம் என்று இருபது ஆண்டுகளாக மக்களுக்குப் பழக்கியதும் அதே நிறுவனம்தான். பாதுகாப்புக்காக மக்கள் இற்றைப்படுத்த வேண்டும் என்று உபதேசிப்பவர்கள், மக்களின் நம்பிக்கையை யார் செலவழித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கென்று தனிக் காரணங்கள் ஏதும் உண்டா?

சில உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். "கணினியை நிறுத்த வேண்டாம்" என்று திரையில் எழுதியிருக்கும்போது மின்சாரம் போய், பாதியில் நின்ற இற்றைப்படுத்தலால் எழும்பாமற் போன கணினிகள் என் மேசைக்கு வரிசையாக வந்தன. அந்த அனுபவமுள்ளவர் "பிறகு செய்" என்ற பொத்தானை அழுத்துவதில் என்ன வியப்பு? மாதத் தரவுப் பொதியிற் பாதியை ஒரே மேம்படுத்தல் விழுங்கிவிடுவது இன்னொன்று. கள்ளப் பிரதியைப் போட்டுக் கொடுத்த கடைக்காரரே, அது பிடிபடாமல் இருக்க, இற்றைப்படுத்தலை நிறுத்திவைத்துக் கொடுப்பதும் உண்டு. உரிமையாளருக்கு அது தெரிந்தே இருக்காது.

இவற்றுக்கு அப்பால் ஒரு பழக்கமும் இருக்கிறது. உதிரிப்பாகம் வராத காலங்களில் ஒஸ்ரின் கார்களை ஓட்டிக் காட்டிய ஊர் இது. ஓடுகிற ஒன்றைக் கழற்றக் கூடாது என்பது இங்கே அனுபவத்தால் வந்த அறிவு. காருக்கு அது பொருந்தியது. இணையத்தில் இணைந்திருக்கும் கணினிக்கு முழுதும் பொருந்தாது, ஏனென்றால் காரைக் களவெடுக்க வருபவர் வீதியால் வர வேண்டும்.

என் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

அதன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய மையச் செயலகத்தையும் (சிபியு) கேட்பதால், நன்றாக ஓடும் பல கணினிகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. வீட்டுப் பயனாளருக்கு 2026 ஒக்டோபர்வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு இற்றைப்படுத்தலில் சேரும் வழி உண்டு. உலாவியும் கடிதமும் மட்டுமே வேலையென்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போதும். பேஜ்மேக்கருக்காகவே வைத்திருக்கும் கணினியென்றால் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு அப்படியே வைத்திருங்கள், பென்டிரைவை மட்டும் கவனித்துப் போடுங்கள்.

அலுவலகத்துக்குப் புதிய மென்பொருள் கொண்டுவருகிறோம். எதிர்ப்பில்லாமல் எப்படிச் செய்வது?

எதிர்ப்பே இல்லாமல் செய்ய முடியாது. நான் செய்த பிழையைச் சொன்னால் உங்களுக்கு உதவக்கூடும். ஓர் அச்சகத்தைப் பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்ற நான் தேர்ந்த கிழமை, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை. திருவிழா இருபத்தைந்து நாள், அந்த மாதத்தில் அச்சகத்துக்கு மூச்சுவிட நேரமில்லை என்பது தெரியாத ஆளில்லை நான். கணினி ஓய்வாக இருந்த ஒரு மதியத்தைப் பார்த்துவிட்டு மாற்றிவிட்டேன். அன்று மாலையே ஒரு கல்வெட்டு அச்சுக்குப் போக இருந்தது. மாற்றிய எழுத்துரு பாமினியைவிடச் சற்று அகலம், வரிகள் உடைந்தன, 32 பக்கமாக இருந்த நூல் 34 ஆகிவிட்டது. நடுவில் கம்பி குத்தித் தைக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் வர வேண்டும். ஒன்றில் 32க்குள் இழுக்க வேண்டும், இல்லையேல் 36 ஆக்கி இரண்டு பக்கம் வெறுமையாக விட வேண்டும். முப்பத்தோராம் நாள் மறுநாள். முதலாளி ஐயா என்னைத் திட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து இரவு ஒரு மணிவரை என்னோடு சேர்ந்து வரி வரியாகச் சுருக்கினார். அந்த அச்சகம் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் பாமினியை விடவில்லை, நானும் வற்புறுத்தும் உரிமையை இழந்திருந்தேன்.

ஆகவே முதலில் நாளைப் பாருங்கள். கணக்குப் பிரிவென்றால் மார்ச்சும் டிசம்பரும் வேண்டாம், பாடசாலையென்றால் தவணை முடிவு வேண்டாம். அடுத்து, வேலை செய்பவருக்குப் பக்கத்தில் ஒரு முழுநாள் சும்மா இருந்து பாருங்கள், கேள்வி கேட்க வேண்டாம். கேட்டால் விதிமுறையைச் சொல்வார்கள், பார்த்தால்தான் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் துண்டும், மூன்றாம் இலக்கக் கட்டத்தில் எப்போதும் 99 என்று அடித்துத் தாண்டுவதும் தெரியும். அந்த 99இல்தான் அலுவலகத்தின் உண்மையான நடைமுறை இருக்கும். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது நீல்சனின் புகழ்பெற்ற கருத்து. அந்த ஐவரில் மூவராவது பழைய மென்பொருளில் மிகக் கெட்டிக்காரர்களாக இருக்கட்டும் என்பதை என் சொந்தச் சேர்க்கையாகக் கொள்ளுங்கள். வழமையாகப் புதிதாக வந்த இளைஞர்களை இருத்திச் சோதித்துவிட்டு எல்லாம் நலம் என்று எழுதிவிடுகிறார்கள்.

பழையதையும் புதியதையும் சில கிழமைகள் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. ஆனால் இரண்டிலும் பதியச் சொல்லாதீர்கள், அது இரட்டை வேலை, புதியதன்மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும். பழையது பார்வைக்கு மட்டும் திறந்திருந்தால் போதும்.

பயிற்சி வகுப்பு வைத்தால் சரியாகாதா?

அரைகுறையாகத்தான். கரோல், ரொசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் காட்டியது போல, மக்கள் கையேட்டைப் படித்துவிட்டு வேலை தொடங்குவதில்லை, வேலையைத் தொடங்கிவிட்டு இடறும் இடத்தில்தான் கற்கிறார்கள். மண்டபத்தில் நாற்பது பேரை இருத்தி நடத்தும் வகுப்பைவிட, முதற் கிழமை பக்கத்தில் நின்று "இது எங்கே?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஓர் ஆள் அதிகம் பயன்படுவார்.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். தொலைபேசி தானாக மாறிவிட்டது, அழைக்கத் தெரியவில்லை என்கிறார். வெளிநாட்டிலிருந்து நான் என்ன செய்யலாம்?

2024இல் ஆண்ட்ராய்டுத் தொலைபேசிகளில் வட்ஸ்அப் தன் பட்டையை மேலிருந்து கீழே கொண்டுவந்தபோது இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்தது. அழைப்புகள் என்ற இடம் மேல் வலப்பக்கத்தில் இருந்தது என்பதை அந்த அம்மாக்கள் வாசித்து அறியவில்லை, பெருவிரல் போகும் இடமாக அறிந்திருந்தார்கள். தொலைபேசியில் வழி சொல்லிக் கொடுக்க முயலாதீர்கள், "கீழே பாருங்கோ அம்மா" என்றால் அவர் எந்தக் கீழே என்று கேட்பார், இருவருக்கும் கோபம் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு, உங்கள் பெயருக்கான குறுக்குவழியை முகப்புத் திரையில் உங்கள் படத்தோடு வைக்கச் செய்யுங்கள். அதைத் தொட்டால் நேரே உங்கள் உரையாடல் திறக்கும். செயலியின் உள்ளே எது எங்கே இடம் பெயர்ந்தாலும் அந்தப் படம் வைத்த இடத்தில் இருக்கும். தானாக இற்றைப்படுத்துவதை நிறுத்திவிடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அம்மாவின் வங்கிச் செயலியும் அதே தொலைபேசியில் இருந்தால் அதை நான் செய்வதில்லை.

பழைய பாமினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றினால் பிழை வருமா?

வரும். உரையை மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, தமிழ்ப் பகுதியைப் பெரும்பாலும் சரியாக மாற்றும். ஆனால் நடுவிலே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென்று எண்ணி மாற்றிவிடும். மின்னஞ்சல் முகவரியும், பட்டங்களும், வெளிநாட்டு வீதிப் பெயர்களும் அர்த்தமற்ற தமிழெழுத்துகளாகி நிற்கும். கல்வெட்டில் இவை நிறைந்திருக்கும் இடம் வம்சாவளிப் பக்கம்தான், மருமக்களில் பாதிப் பேர் கனடாவிலும் இலண்டனிலும் இருப்பதால். ஆகவே மாற்றுவதற்கு முன்னர் பழைய கோப்பையும் அதன் பிடிஎஃப் படியையும் தனியே எடுத்து வையுங்கள். மாற்றிய பின்னர் வம்சாவளிப் பக்கத்தை மட்டுமாவது பழைய அச்சுப் படியோடு ஒருவர் வாசிக்க மற்றவர் ஒத்துப்பாருங்கள். தேவாரப் பக்கங்களை ஒருமுறை சரிபார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த நூல்களுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.